டார்ச் முதலில், லேசர் பிறகு: சிஎன்சி ப்ளாஸ்மா செய்முறைத் தேர்வு எழுதியவனின் குறிப்புகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் ஐடிஐ, பாலிடெக்னிக் முடித்தவர்களில் பலருக்கு துவாக்குடி, திருவெறும்பூர் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள்தான் கண்ணில் தெரியும் முதல் வேலை. அந்த நம்பிக்கையில் சிஎன்சி ப்ளாஸ்மா ஆபரேட்டர் பயிற்சிக்கு வந்தவன் நான். கணினி நகர்த்தும் டார்ச்சின் ப்ளாஸ்மா சூட்டால் இரும்புத் தகடு வெட்டும் வேலை அது. கடைசியில் ஒரு செய்முறைத் தேர்வும் அதோடு சேர்ந்த வாய்மொழிக் கேள்விகளும் இருக்கும். புரோகிராம், நெஸ்டிங் (ஒரே தகட்டில் பாகங்களை நெருக்கி அடுக்குவது) எல்லாம் எல்லாருமே படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். கழற்றி வைத்த டார்ச்சையும், பிளேட்டின் மூலையைக் காட்டும் லேசரையும் கையில் கொடுத்து "மாட்டு" என்றால்தான் திணறுகிறார்கள்.

டார்ச்சைத் தொடும் முன் பவர் சோர்ஸை ஆஃப் செய்யுங்கள். தேர்வாளர் பேசாமல் கவனிப்பது அதைத்தான். கிளாம்ப் முடிந்தவரை முனைக்குப் பக்கத்தில் வரட்டும். மேலே பிடித்தால் கேன்ட்ரி (டார்ச்சைச் சுமந்து ஓடும் பாலம்) திரும்பும்போது முனை ஆடும். அடுத்தது செங்குத்து. பிளேட்டைத் தாங்கி, வெட்டி வெட்டிக் குதறிப்போன மேசைப் பட்டைகள் மேல் மூலைமட்டம் வைத்துப் பயனில்லை. வளையாத பிளேட் ஒன்றைப் போட்டு அதன்மேல் மூலைமட்டத்தை நிறுத்தி, டார்ச்சின் நேரான உடம்போடு ஒட்டிப் பாருங்கள். நாசில் (ப்ளாஸ்மா வெளிவரும் வாய்) பக்கம் கூம்பாக இருக்கும், அங்கே ஒட்டினால் ஏமாற்றும். முன்பக்கம் ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை என இரண்டு திசையிலும் பார்க்க வேண்டும்.

மட்டம் சொல்வதை வெட்டு உறுதி செய்யட்டும். 10 மி.மீ. பிளேட்டில் சின்னச் சதுரம் ஒன்று வெட்டி, நாலு பக்கத்திலும் சாக்பீஸால் எண் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் ஒரே மாதிரி மேலே குறுகி கீழே அகன்றிருந்தால் டார்ச் அதிக உயரத்தில் இருக்கிறது. ஒரே மாதிரி தலைகீழாக இருந்தால் மிகத் தாழ்ந்திருக்கிறது. எதிரெதிர்ப் பக்கங்களில் ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயும் சாய்ந்திருந்தால்தான் டார்ச் கோணல் என்று அர்த்தம். இதைத் தெரிந்துகொண்டால் வாய்மொழிக் கேள்வியில் பாதி முடிந்தது. மீதிக்கு இன்னொன்று: வெளிச்சுற்றை வலஞ்சுழியாகவும் ஓட்டையை இடஞ்சுழியாகவும் ஏன் வெட்டுகிறோம்? வழக்கமான நாசிலில் வாயு சுழலும் விதத்தால், போகும் திசைக்கு வலப்பக்க விளிம்பு நேராக வரும். நமக்கு வேண்டிய பாகம் எப்போதும் வலப்பக்கம் இருக்கட்டும் என்பதுதான் காரணம்.

இவ்வளவும் முடிந்த பிறகே லேசர். அவசரப்பட்டு லேசரை முதலில் சரிசெய்துவிட்டு டார்ச்சை ஒரு நூல் திருப்பினாலும் பார்த்த வேலை வீண். பிளேட்டின் மூலையைக் கண்டுபிடிக்கத்தான் லேசர். அதன் சிலுவைக் கோடு டார்ச்சிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது என்பதை டேப்பால் அளக்காதீர்கள். ஒரு கழிவுத் தகட்டில் டார்ச்சால் சின்னப் புள்ளி சுட்டு, அந்த இடத்தை எக்ஸ், ஒய் இரண்டிலும் ஜீரோ ஆக்குங்கள். ஜாக் செய்து (பட்டனால் மெல்ல நகர்த்தி) சிலுவையை அந்தப் புள்ளியின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். கடைசி நகர்வு எப்போதும் ஒரே திசையிலிருந்து வரட்டும், பேக்லாஷ் (பற்சக்கரத் தளர்வு) குழப்பாது. இப்போது திரையில் தெரிவதுதான் ஆஃப்செட். எக்ஸ் 62.4, ஒய் 8.1 என்று வந்தால், வேலைப் பிளேட்டின் மூலையில் சிலுவையை வைத்ததும் ஜீரோ அடிக்காமல் அதே 62.4, 8.1-ஐக் குறியோடு அடித்துவிடுங்கள். பிளஸ்ஸா மைனஸா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் தேர்வாளர் அதோடு விடவில்லை. 6 மி.மீ. தகட்டை எடுத்துவிட்டு 25 மி.மீ. துண்டைப் போட்டார்.

"தம்பி, இப்பவும் உன் ஆஃப்செட் சரியா இருக்குமா?"

"லேசர் நேரா கீழ பாத்தா இருக்கும் சார்."

"பாக்குதான்னு எப்படிச் சொல்லுவ?"

கேன்ட்ரி அசையாமல் இருக்க, சிலுவை மெல்லிய தகட்டில் விழுந்த இடத்தையும் தடித்த துண்டில் விழும் இடத்தையும் ஒப்பிட வேண்டும். கேரேஜில் (கேன்ட்ரி மேல் ஓடும் வண்டியில்) நிலையாக மாட்டிய லேசர் 3 டிகிரி சாய்ந்திருந்தால், இந்த 19 மி.மீ. உயர வித்தியாசத்துக்குச் சிலுவை ஏறக்குறைய 1 மி.மீ. நகரும். டார்ச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும் தாங்கியில் மாட்டியிருந்தால், முனைக்கும் பிளேட்டுக்கும் உள்ள இடைவெளி மாறாதவரை சாய்வு தொந்தரவு தராது. எந்த வகை மாட்டல் என்று முதலில் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

பிளேட் கோணலாகக் கிடந்தால் சிலுவையை ஒரு விளிம்பின் இரண்டு முனையிலும் வைத்துக் காட்டினால் போதும், பெரும்பாலான கன்ட்ரோலர்கள் புரோகிராமையே திருப்பிக்கொள்ளும். இருநூறு கிலோ தகட்டைக் கடப்பாரையால் நெம்ப வேண்டியதில்லை.

லேசர் அடிக்கடி செத்துப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் வயரிங். ஹை ஃப்ரீக்வன்சி ஸ்டார்ட் (உயர் அதிர்வெண் மின்பொறியால் ஆர்க்கைப் பற்றவைப்பது) உள்ள மெஷினில் டார்ச் கேபிளோடு சேர்த்துக் கட்டினால் அந்தச் சின்ன டையோடு தாங்காது. தனி பவர் சப்ளை, ஷீல்டு கேபிள், இடைவெளி விட்ட பாதை. வெட்டும்போது அணைத்துவிட்டு மூடியைப் போடுங்கள், பொறி லென்ஸில் ஒட்டினால் கோடு பட்டையாகிவிடும். 5 மில்லிவாட்டுக்குள் இருக்கும் சிவப்பு லேசர்தானே என்று குனிந்து நேராகப் பார்க்கக் கூடாது.

தேர்வு ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் இன்னொன்றும் உண்டு. டெல்டா மழைக்காலக் காற்றில் கம்ப்ரசர் தொட்டி சீக்கிரம் தண்ணீர் கட்டும். அந்த ஈரம் டார்ச்சுக்குப் போனால் நாசிலும் எலக்ட்ரோடும் சீக்கிரம் தேய்ந்து, வெட்டு சாயும். டார்ச் கோணல் என்று நினைத்து நல்ல மாட்டலைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். அந்த மாதங்களில் சதுரம் வெட்டும் முன் தொட்டியையும் ஃபில்டரையும் திறந்து வடித்து, நாசில் ஓட்டை வட்டமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மூலைமட்டத்தை எடுங்கள்.