கிடைக்கவே கிடைக்காத பத்திரத்தை இரண்டு மாதம் தேடிய கதை

என் கணவரின் அம்மா வழி முன்னோர் ஒருவர் அயர்லாந்தின் டிப்பரேரியிலிருந்து சிட்னிக்குக் கைதியாகக் கப்பலேற்றப்பட்டவர். ஆங்கிலேயரை எதிர்த்துச் சண்டை போட்டதால்தான் நாடு கடத்தினார்கள் என்று மாமியாரின் அண்ணன் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் ஆரம்பித்துவிடுவார். பேப்பரில் பார்த்துவிடலாமே என்று இறங்கினேன்.

தொடக்கம் சுலபம். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் 1856 முதல் அரசு பிறப்பு, இறப்புப் பதிவு உண்டு. இவர் இறந்தது 1867. சான்றிதழில் 'காலனியில் 34 ஆண்டுகள்' என்று இருந்தது. கழித்தால் 1833.

அந்த ஆண்டுக் கப்பல் பட்டியல்களில் அதே பெயரில் மூன்று பேர்! டிப்பரேரிக்காரர் ஒருவர்தான் என்பதால் தப்பித்தேன். உயரம், புருவத் தழும்பு, படிக்கத் தெரியும் எழுதத் தெரியாது, மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லாம் இருந்தன. குற்றம்: ஆட்டுத் திருட்டு. தண்டனை: ஆயுள். கப்பல் பெயரை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயர்க் கைதிகளை அரசாங்கமே கப்பலை வைத்துத்தான் பிரித்துப் பார்த்தது. பின்னால் வரும் ஒவ்வொரு தாளிலும் அது இருக்கும்.

இங்கேதான் கோட்டை விட்டேன். 'ஆயுள்' என்று படித்த பிறகும் விடுதலைச் சான்றிதழைத் தேடப் போனேன். ஐரிஷ் குடும்பப் பெயர்களுக்கு முன்னால் வரும் 'ஓ'வைச் சேர்த்து, எடுத்து, எழுத்தை மாற்றி மாற்றி இரண்டு மாதம். அந்தச் சான்றிதழ் ஏழு ஆண்டு, பதினான்கு ஆண்டு என்று கெடு வைத்த தண்டனையை முடித்தவர்களுக்கு மட்டும்தான். ஆயுள் கைதிக்கு அது கிடைக்கவே கிடைக்காது. அவருக்கு எட்டு வருடம் கழித்து டிக்கெட் ஆஃப் லீவ் (தண்டனை முடியும் முன்பே சொந்தமாக வேலை செய்து பிழைக்கத் தரும் அனுமதிச் சீட்டு), அப்புறம் அதிர்ஷ்டம் இருந்தால் நிபந்தனை மன்னிப்பு. நிபந்தனை என்ன தெரியுமா? ஊர் திரும்பக் கூடாது.

அந்த டிக்கெட்டின் மூலத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. லீவு போட்டு, ரயில் பிடித்து, ஆவணக் காப்பகம் போய்ச் சேர்ந்தால், கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நகல் எடுத்ததற்கு மூலம் தரமாட்டோம். வீட்டிலேயே பார்த்திருக்கலாமே." போனில் நான் கேட்டபோது இதை ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பதில் இல்லை. கிளம்பும் முன், மூலம் தருவார்களா என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடுங்கள்.

டப்ளினில் வழக்கு விவரம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் போனது. 1922 உள்நாட்டுப் போரில் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்து ஆவணக் காப்பகம் எரிந்தபோது, 1836-க்கு முந்தைய நாடு கடத்தல் பதிவேடுகளும் அதோடு போயின. கருணை மனு போட்டிருந்தால் மட்டும் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தொகுப்பில் பெயர் வர வாய்ப்புண்டு. இவருக்கு அதுவும் இல்லை.

எதிர்பாராமல் கை கொடுத்தது கைதிகளின் திருமண அனுமதிப் பதிவேடு. இங்கே கல்யாணம் செய்துகொள்ள 1842-ல் விண்ணப்பித்திருக்கிறார், மறுத்துவிட்டார்கள். கப்பல் பட்டியலில்தான் மனைவி இருக்கிறாளே! 1845-ல் மறுபடி விண்ணப்பம். இந்த முறை 'மனைவியை இழந்தவர்' என்று எழுதியிருக்கிறது, அனுமதியும் கிடைத்திருக்கிறது. அந்த மூன்று வருடத்தில் டிப்பரேரியில் அவள் நிஜமாகவே செத்துப்போனாளா, இல்லை இவர் காகிதத்தில் கொன்றுவிட்டாரா?

அயர்லாந்துக் கத்தோலிக்கத் தேவாலயப் பங்குகளின் பதிவேடுகள் இணையத்தில் இலவசம். இப்போது அவற்றைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அவற்றில் ஞானஸ்நானமும் திருமணமும்தான் நிறைய. சாவுக் கணக்கு அபூர்வம். மாமியாரின் அண்ணனிடம் ஆட்டைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அதற்கே இரண்டு வாரமாகப் பேச்சில்லை.