வானியற்பியல் தேர்வு: விண்மீன் கரும்புள்ளிகளை நான் படித்த விதம்

முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். படபடப்பு அடங்குவதற்குள், பலர் ஒதுக்கிவைக்கும் சுடர் விண்மீன் (திடீர் திடீரென்று வெடித்து ஒளிரும் விண்மீன்) பகுதியைப் பற்றி எழுதிவிடுகிறேன். என்னைக் கரையேற்றியது அதுதான்.

காந்தப்புலம் வெப்பச்சலனத்தைத் தடுக்கிறது, அந்த இடம் குளிர்ந்து கறுப்பாகத் தெரிகிறது. இதை எல்லோரும் எழுதுவார்கள். ஒளிவளைவை (விண்மீனின் ஒளி நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வரைபடம்) கொடுத்து "புள்ளி எவ்வளவு பெரியது?" என்று கேட்கும்போதுதான் பிரச்சினை. உடனே பரப்பைச் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். விண்மீன் 3000 கெல்வின், புள்ளி 2700. நான்காம் அடுக்கு விதிப்படி (ஒளி வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது) புள்ளியிலிருந்து வரும் ஒளி சுமார் 34% குறைவு. நமக்குத் தெரியும் விண்மீன் முகத்தில் 10% இடத்தை அது பிடித்தால் ஒளி 3.4% மங்கும். இப்போது புள்ளியை 2400 கெல்வின் என்று வையுங்கள். ஏறக்குறைய 6% இடமே போதும், அதே 3.4% மங்கல்! ஒரே நிறத்தில் எடுத்த ஒளிவளைவால் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. நீலத்திலும் சிவப்பிலும் சேர்த்து அளந்தால் வழி பிறக்கும். குளிர்ந்த புள்ளி நீலத்தில் இன்னும் ஆழமாக மங்கும். இந்தப் பகுதியில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

எனக்கு மனப்பாடம் ஒத்துவராது, எல்லாவற்றையும் கையால் போட்டுப் பார்த்தால்தான் நிற்கும். நன்றாக மனப்பாடம் செய்பவர்களும் இந்தக் கணக்கை மட்டும் போட்டுவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக:

- சூரியப் புள்ளியின் கருமையம் சுமார் 4000 கெல்வின், சுற்றுப்புறம் 5800. இந்த இடைவெளியை எம் வகைக் குறுமீன்களுக்கு (சூரியனைவிடச் சிறிய, குளிர்ந்த விண்மீன்கள்) அப்படியே தூக்கிப் போடாதீர்கள். அங்கே வித்தியாசம் பெரும்பாலும் சில நூறு கெல்வின்தான்.
- ஒரு சுழற்சியில் ஒளிவளைவில் இரண்டு பள்ளம் வரலாம். எதிரெதிர்ப் பக்கங்களில் புள்ளிகள் இருந்தால், சுழற்சிக் காலத்தைப் பாதியாகக் கணக்கிட்டுவிடும் ஆபத்து உண்டு.
- துருவத்தைச் சமச்சீராக மூடிய புள்ளி ஒளிவளைவில் ஏற்ற இறக்கம் காட்டாது. அதைப் பார்க்க டாப்ளர் படமாக்கம் (சுழற்சியால் நிறமாலைக் கோட்டின் வடிவம் மாறுவதை வைத்துப் பரப்பை வரைவது) வேண்டும், அதற்கு விண்மீன் வேகமாகச் சுழல வேண்டும். கிட்டத்தட்ட 90 நாளுக்கு ஒருமுறை சுழலும் ப்ராக்ஸிமா செண்டாரி என்ற சுடர் விண்மீனுக்கு அது சரிப்படாது.
- சுமார் 0.35 சூரிய நிறைக்குக் கீழே விண்மீன் முழுவதும் வெப்பச்சலனம்தான். சூரிய டைனமோ (காந்தப்புலம் உருவாகும் முறை) படத்தை அப்படியே வரைந்தால் மதிப்பெண் போகும்.
- புள்ளி நம் பக்கம் திரும்பும்போதுதான் ஃப்ளேர் (திடீர் ஒளிவெடிப்பு) வரும் என்று எழுதாதீர்கள். பல விண்மீன்களில் அந்தத் தொடர்பு தெளிவாக இல்லை.

அப்புறம், காந்தப்புல அளவீடு. வட்ட முனைவாக்கத்தில் (ஒளி அலையின் திசை சுழன்றபடி வருவது) அளந்தால் பக்கத்துப் பக்கத்து எதிர் காந்தமுனைகள் ஒன்றையொன்று அழித்துவிடும், பெரிய அளவிலான புலம் மட்டுமே மிஞ்சும். மொத்தப் புலத்தைக் கேட்டால் சீமான் விளைவால் (காந்தப்புலம் நிறமாலைக் கோட்டைப் பிரிப்பது) நிறமாலைக் கோடு அகலமாவதைச் சொல்லுங்கள்.