ரோட்டோ மேசையிலிருந்து அனிமேஷனுக்கு

அனிமேட்டர் ஆக வேண்டும் என்று திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்கு வந்த நான், முதல் சில வருடங்கள் செய்தது ரோட்டோ வேலை, அதாவது படத்தில் நடிகரின் உருவ விளிம்பைக் கோடு போட்டுப் பின்னணியிலிருந்து பிரித்துக் கொடுப்பது. இப்போது அந்த வேலையில் இருக்கும் தம்பி தங்கைகள் பலர், "அக்கா, இதிலிருந்து அனிமேஷனுக்குப் போக முடியுமா?" என்று கேட்கிறார்கள். முடியும். நான் போன விதத்தை, நடுவில் வந்த நிராகரிப்புகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்த காலம் அனிமேஷனுக்கு நல்ல காலம் இல்லை. 2013 பிப்ரவரியில் 'லைஃப் ஆஃப் பை' படம் விஷுவல் எஃபெக்ட்ஸுக்காக ஆஸ்கர் வாங்கியது. அதில் வரும் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனமோ, விழாவுக்குச் சில நாட்கள் முன்புதான் திவால் மனு போட்டிருந்தது. விழா நடந்த அரங்குக்கு வெளியே கலைஞர்கள் பதாகை பிடித்து நின்றார்கள். அந்த நிறுவனத்துக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் இருந்ததால், எங்கள் வகுப்பில் இது தூரத்துச் செய்தியாகத் தெரியவில்லை. விருது வாங்கும் அளவுக்கு வேலை செய்தவர்களுக்கே சம்பளம் நிச்சயம் இல்லையென்றால் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்டு, கூடப் படித்த சிலர் வேறு துறைக்குப் போனார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. எனக்கு ஒரு பொம்மை திரையில் மூச்சு விடுவதைப் பார்க்கும் ஆசை அடங்கவில்லை, அதனால் நின்றேன்.

படிப்பு முடிந்ததும் ஷோரீல், அதாவது என் வேலையைக் காட்டும் மாதிரி வீடியோ, செய்து ஸ்டூடியோக்களுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் மாடலிங், டெக்ஸ்ச்சரிங், லைட்டிங், ரிக்கிங், அனிமேஷன், எடிட்டிங் என எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் சொல்லித்தருவார்கள். ரீலிலும் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் வைக்கச் சொல்வார்கள். சுற்றிக் காட்டும் கார் மாடல், ஒளிரும் லோகோ, ஒரு பாத்திரம் திரும்பத் திரும்ப நடக்கும் வாக் சைக்கிள், பின்னணியில் ஒரு பாட்டு. வேலைக்கு ஆள் எடுப்பவர் அப்படி ரீலைப் பார்ப்பதில்லை. அனிமேட்டர் வேண்டும் என்றால் அனிமேஷனை மட்டும் பார்ப்பார். முதல் பத்து நொடியில் கண்ணைப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த ரீலுக்குப் போய்விடுவார். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பதில் வந்த ஓர் இடத்தில் டெஸ்ட் கொடுத்தார்கள். ஒரு பாத்திரம் ஓடிவந்து பெட்டியைத் தாண்ட வேண்டும். செய்து அனுப்பினேன். "மிதக்குது" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. அடுத்தடுத்து வேறு இடங்களில் எழுதிய டெஸ்ட்டுகளிலும் இதையே வேறு வேறு விதமாகச் சொன்னார்கள்.

மிதக்குது என்றால் என்ன என்று அனிமேஷன் பக்கம் வராதவர்களுக்குச் சொல்கிறேன். திரையில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். கையால் வரைபவர் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்துவார், ஆக நொடிக்கு 12 படங்கள். கம்ப்யூட்டரில் முக்கியமான போஸ்களை மட்டும் நாம் வைத்தால் போதும், நடுவில் இருப்பதை மென்பொருளே நிரப்பிக் கொடுக்கும். அது நிரப்பும் விதம் வழவழப்பாக இருக்கும். உலகத்தில் எந்த உடம்பும் அப்படி அசைவதில்லை. குதிப்பவர் மேலே போகப் போக வேகம் குறையும், கீழே வரும்போது கூடும், தரையைத் தொட்டதும் முழங்கால் மடங்கி எடையை வாங்கும். இந்தக் கணக்கை நாம்தான், அசைவை வளைகோடுகளாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் பாத்திரம் தண்ணீருக்குள் நடப்பதுபோல ஆகிவிடும். எனக்கு இது பாடமாகத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. எடை என்பது உடம்பில் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பதை நான் அதுவரை உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

கடன் தவணை நெருங்கியது. வடபழனி பக்கம் ஒரு ஸ்டூடியோவில் ரோட்டோவுக்கு ஆள் எடுத்தார்கள், சேர்ந்தேன். வெளிநாட்டுப் படங்களின் ஷாட்டுகள் வரும். நடிகரைப் பின்னணியிலிருந்து தனியாக வெட்டி எடுக்க அவருடைய உருவ விளிம்பைக் கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். விரல், முடி, துணியின் ஓரம் எல்லாம் வேண்டும். கிளையண்ட் நேரத்துக்கு ஏற்ப பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். தொழிலில் இது கடைசிப் படி என்றுதான் பேச்சு. "ரோட்டோவில் உட்கார்ந்தால் அப்புறம் எழுந்திருக்க முடியாது" என்று சீனியர்களே சொல்வார்கள். சம்பளமும் அதற்கேற்றதுதான். அம்மா போனில், "படிச்சது கார்ட்டூன் போடத்தானேடி, இப்ப என்ன ராத்திரி எல்லாம் கோடு போடுறேங்கிற?" என்று கேட்பார். பதில் சொல்லத் தெரியாமல் பேச்சை மாற்றுவேன்.

மாற்றம் வந்தது அந்த மேசையில்தான். ரோட்டோவில் ஒவ்வொரு ஃப்ரேமிலும் புதிதாகக் கோடு போட்டால் விளிம்பு நடுங்கும், ஷாட் திரும்பி வரும். அதனால் முன்கை, மேற்கை, தலை என உடம்பைத் தனித்தனி வடிவங்களாகப் பிரிப்போம். அசைவு எந்த ஃப்ரேமில் திசை மாறுகிறதோ அங்கே கீ வைப்போம், அதாவது அந்த ஃப்ரேமின் வடிவத்தை நாமே பதிவு செய்வோம். நடுவில் மென்பொருள் நிரப்பும். அது எங்கே விலகுகிறதோ அங்கே மட்டும் திருத்துவோம். ஒரு நாள் எங்கள் லீட் ஒரு புதுப் பையனிடம், "எல்லா ஃப்ரேமையும் தொடாதே, அந்த ஆள் எங்க மனசு மாறுறான்னு பாரு, அங்க கீ போடு" என்றார். பக்கத்து மேசையில் இருந்த எனக்கு, அனிமேஷனில் கீ போஸ் பிடிப்பதும் இதுதானே என்று பட்டது. அன்றிலிருந்து ஷாட்டைப் பார்க்கும் விதமே மாறியது.

ஒருவர் திரும்பிப் பார்க்கும் ஷாட் என்றால், முதலில் கண் போகும், அப்புறம் தலை, தோள் கடைசியில்தான் வரும். தலை திரும்பும்போது பெரும்பாலும் இமை ஒருமுறை மூடித் திறக்கும். நாற்காலியிலிருந்து எழுபவர் நேராக மேலே எழுவதில்லை. பாதத்தைப் பின்னால் இழுத்து, தலையை முன்னால் கொண்டுபோய், எடையைப் பாதத்தின் மேல் வைத்த பிறகுதான் இடுப்பு மேலே வரும். நடக்கும்போது குதிகால் தரையைத் தொட்ட அடுத்த சில ஃப்ரேமில் உடம்பு ஒரு சின்ன அளவு கீழே இறங்கும். ஒரு கால் மற்றதைக் கடக்கும்போது மறுபடி உயரும். சாதாரண நடையில் ஓர் அடிக்குச் சுமார் 12 ஃப்ரேம். வகுப்பில் மனப்பாடம் செய்த இந்த எண்ணை, ஒரு நடிகரின் கணுக்காலுக்குக் கோடு போடும்போது நானே எண்ணிப் பார்த்தேன். கணக்கு சரியாக இருந்தது!

பின்னால் தேடிப் படித்தபோது இன்னொன்று தெரிந்தது. ரோட்டோ பிறந்ததே அனிமேஷனுக்காக. அமெரிக்காவில் மேக்ஸ் ஃபிளைஷர் 1915ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கருவி அது, 1917ல் உரிமை கிடைத்தது. தம்பி டேவைக் கோமாளி வேடத்தில் படம் பிடித்து, அந்த ஃபிலிமை ஃப்ரேம் ஃப்ரேமாகக் கண்ணாடியில் விழவைத்து, அதன்மேல் வரைந்து கோமாளியை உயிரோடு ஆடவிட்டார். 1937ல் வந்த 'ஸ்னோ ஒயிட்' படத்துக்கும் ஒரு நடனப் பெண்ணை நடிக்கவைத்துப் படம் பிடித்து, அனிமேட்டர்கள் அதைப் பார்த்து வேலை செய்தார்கள். கடைசிப் படி என்று எல்லோரும் சொல்லும் வேலை, ஒரு காலத்தில் அனிமேட்டரின் சொந்தக் கருவி. இது தெரிந்த பிறகு ரோட்டோ மேசையில் உட்காருவதற்கு எனக்குச் சங்கடம் இல்லை. சம்பளம் குறைவு என்ற வருத்தம் மட்டும் அப்படியே இருந்தது.

ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் முன் ஹாஸ்டல் கட்டிலில் லேப்டாப்பை வைத்துப் பயிற்சி செய்தேன். ஒளி, நிறம் சேர்த்து முழுப் படமாக்கும் ரெண்டர் எல்லாம் இல்லை, சாம்பல் நிறப் பொம்மை போதும். அப்போது லெவன் செகண்ட் கிளப் என்று இணையத்தில் மாதாந்தரப் போட்டி ஒன்று நடந்துவந்தது. 11 நொடி வசனம் கொடுப்பார்கள், மாத இறுதிக்குள் அதற்கு ஒரு பாத்திரத்தை நடிக்கவைக்க வேண்டும், கலந்துகொண்டவர்களே ஓட்டுப் போடுவார்கள். நான் கலந்துகொண்ட மாதங்களில் பட்டியலின் கீழ்ப்பகுதியில்தான் இருந்தேன். ஆனால் முன்பின் தெரியாத அனிமேட்டர்கள் வந்து எந்த ஃப்ரேமில் என்ன தவறு என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஓட்டைவிட எனக்கு அது பெரிது. வசனம் ஆங்கிலத்தில் இருக்கும், நானும் வெளிநாட்டுப் படங்களில் பார்த்த தோள் குலுக்கலையும் கை விரிப்பையும் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்து, "இந்தச் சைகை எதுவும் நீ பார்த்து வளர்ந்ததாகத் தெரியவில்லை" என்று எழுதினார். படிக்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது முழுக்கச் சரி.

அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் அத்தையை அவரிடம் கேட்டு போனில் படம் எடுத்தேன். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம், நிரம்பினால் ஏறக்குறைய 15 கிலோ. அத்தை குனிந்து, குடத்தின் கழுத்தைப் பிடித்து, முதலில் ஒரு சின்ன ஆட்டு ஆட்டிப் பார்க்கிறார். முழங்காலை மடக்கி, குடத்தைத் தொடைவரை ஒரு வீச்சில் கொண்டுவருகிறார். அங்கே ஒரு கணம் நிற்கிறது. அடுத்த வீச்சில் இடுப்புக்கு. குடம் இடுப்பில் உட்கார்ந்த அடுத்த நொடியே உடம்பு எதிர்ப்பக்கம் சாய்கிறது, வெறுங்கை தானாக வெளியே விலகுகிறது. நடை மாறிவிடுகிறது. குடம் இருக்கும் பக்கத்துக் கால் தரையில் நீண்ட நேரம் நிற்கிறது, மற்றது சட்டென்று வந்துவிடுகிறது. "இதையெல்லாமா படம் எடுப்பே?" என்று சிரித்துக்கொண்டே, எனக்காக இன்னொரு தரம் தூக்கிக் காட்டினார்.

இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு ரிக்கை, அதாவது அசைக்கத் தயாராக மூட்டுகள் பொருத்திய கம்ப்யூட்டர் பொம்மையை எடுத்து, அந்த அசைவைச் செய்தேன். அச்சாக அப்படியே நகல் எடுத்தால் உயிரில்லாமல் போகும் என்று அதற்குள் தெரிந்திருந்தது. வீடியோவில் இருந்த சாய்வைக் கொஞ்சம் கூட்டினேன், தொடையில் குடம் நிற்கும் அந்தக் கணத்தை இரண்டு மூன்று ஃப்ரேம் நீட்டினேன், தூக்குவதற்கு முந்தைய ஆட்டத்தை அப்படியே விட்டேன். முடிந்ததும் பழைய ரீலைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்த ஷாட்டை முதலில் வைத்தேன். கூட ஒரு பந்து துள்ளல், நாற்காலியிலிருந்து எழுவது. மொத்தம் ஒரு நிமிடம்கூட வராது. பாட்டு இல்லை.

அந்த ரீலுக்குத்தான் வேலை கிடைத்தது, குழந்தைகளுக்கான டிவி தொடர் ஒன்றில். நேர்முகத்தில் சூப்பர்வைசர் குடம் ஷாட்டை ஃப்ரேம் ஃப்ரேமாக ஓட்டி, "இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். அத்தையைப் பற்றிச் சொன்னேன்.

வேலை கிடைத்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. டிவி தொடரில் நாளுக்குப் பல நொடி முடித்தாக வேண்டும், நான் எடுத்துக்கொண்ட நேரத்துக்கு அது கட்டுப்படியாகவில்லை. ஆரம்பத்தில் அனுப்பிய ஷாட்டெல்லாம், அன்றாட வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் டெய்லீஸ் கூட்டத்தில் ரீடேக் வாங்கின, அதாவது திருத்தச் சொல்லித் திரும்பி வந்தன. முக்கியமான போஸ்களை மட்டும் வைக்கும் பிளாக்கிங்கிலேயே முதலில் லீடிடம் காட்டி, போஸ் சரி என்று தலையாட்டு வாங்கிய பிறகுதான், நடுவில் இருப்பதை நிரப்பி வழவழப்பாக்கும் ஸ்ப்லைனுக்குப் போவது என்று பழகினேன். வேகம் வந்தது அதனால்தான். அப்புறம் அந்தத் தொடர் பாதியில் நின்றது, ஆட்களைக் குறைத்தார்கள், என் பெயரும் பட்டியலில் இருந்தது. சில மாதம் மறுபடி ஃப்ரீலான்ஸாக ரோட்டோ செய்தேன். இந்த முறை பயம் இல்லை, ஏனென்றால் ரீலில் இரண்டு ஷாட் கூடியிருந்தன. 2020 ஊரடங்கில் படப்பிடிப்புகள் நின்றபோதும், வீட்டிலிருந்தே செய்ய முடிந்ததால் அனிமேஷன் வேலைகள் ஓடின. அந்தச் சமயத்தில் கேம் அனிமேஷனுக்கு வந்தேன், இப்போதும் அதில்தான் இருக்கிறேன்.

கேட்கும் தம்பி தங்கைகளுக்குச் சில விஷயங்கள். ரீலில் எந்தப் பகுதி உங்கள் வேலை என்பதை ஷாட்டின் கீழேயே எழுதுங்கள். ஸ்டூடியோ ஷாட்டுகளை, படம் வெளியாகி அனுமதி கிடைக்கும்வரை எங்கேயும் ஏற்றாதீர்கள், வேலையே போய்விடும். மென்பொருள் வாங்கக் காசில்லை என்பது இன்று காரணம் ஆகாது. 2025ல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் 'ஃப்ளோ' இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டரில் செய்ததுதான். ரோட்டோவின் எளிய பகுதிகளை இயந்திரக் கற்றல் கருவிகள் செய்யத் தொடங்கிவிட்டன, அதனால் "இன்னும் ஒரு வருடம் கழித்துப் பயிற்சி ஆரம்பிக்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். மேசையில் இருக்கும் நடிகரின் காலை இன்று இரவே எண்ணிப் பாருங்கள்.

எனக்கு இப்போது நாலுகால் மிருகங்களில் பிடிபடாத இடங்கள் இருக்கின்றன. போன வாரம் ஓநாய் ஒன்று மெதுநடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறும் ஷாட் ரீடேக்கில் வந்தது. பின்னங்கால் தள்ளும் முன்பே மார்பு உயர்ந்துவிடுகிறது என்று குறிப்பு. தெருவில் ஓடும் நாய்களைப் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன், திங்கட்கிழமை திருத்திய பிளாக்கிங்கைக் காட்ட வேண்டும்.