ஸ்கிரீன், ஜமக்காளம், பெட்சீட்: நம்ம ஊர் வீட்டுக்கு ஒரு துணிக்கணக்கு

வீடு கட்டினாலும் சரி, பழசைப் புதுப்பித்தாலும் சரி, பணம் முதலில் ஃபால்ஸ் சீலிங்குக்கும் டிவி யூனிட்டுக்கும் போய்விடுகிறது. ஸ்கிரீன், விரிப்பு, பெட்சீட் எல்லாம் கிரகப்பிரவேசத்துக்கு முந்தின வாரம், கையில் மிச்சமிருக்கும் காசில். கரூர், சென்னிமலை, பவானி, ஈரோடு என்று வீட்டுத்துணிக்கே பேர்போன ஊர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படிச் செய்வது மனசுக்கு ஆறவே இல்லை. ஒரு அறையின் வெளிச்சம், சூடு, எதிரொலி, நிறம் நாலையும் துணி மாற்றும். பிடிக்கவில்லையென்றால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். லேமினேட்டை அப்படிச் செய்ய முடியாது. துணிக்கு முதலிலேயே ஒரு தொகை ஒதுக்கிவிடுங்கள். அதன்பிறகு எல்லாம் அளவில்தான் இருக்கிறது.

ஸ்கிரீனில் இருந்து தொடங்கலாம். கடையில் முதல் கேள்வியே “எத்தனை ஸ்கிரீன் வேணுமுங்க?” என்பதுதான். ஜன்னலுக்கு ரெண்டு என்று சொல்லி வாங்கி வந்துவிடுகிறோம். ரெடிமேட் ஸ்கிரீன் பெரும்பாலும் 4 அடி அகலம்; உயரம் 5, 7, 9 அடி. 5 அடி ஜன்னலில் ரெண்டை மாட்டி இழுத்து மூடினால் துணி ஏறக்குறைய தட்டையாக நிற்கும். அலை விழாது, நடுவில் சந்து தெரியும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் பெட்சீட்டைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். ஜன்னல் அகலத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, ராடு அகலத்தை வைத்துப் போட வேண்டும்.

5 அடி அகல ஜன்னலுக்கு ராடு இருபுறமும் 8 அங்குலம் தள்ளிப் போக வேண்டும். அப்போதுதான் பகலில் ஸ்கிரீனை ஒதுக்கினால் துணி சுவர்மேல் நிற்கும், கண்ணாடியை மறைக்காது. ஆக ராடு 76 அங்குலம். துணி அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, சுமார் 150 அங்குலம் வேண்டும். ஸ்கிரீன் துணி 48 அங்குல அகலம் என்றால் கனத்த துணிக்கு 3 பாகம் (முழு அகலத் துண்டு) போதும். வாயில் (voile) மாதிரி மெல்லிய துணிக்கு 4 பாகம் வேண்டும். 3 பாகம் என்றால் ஒரு பக்கத்துக்கு ஒன்றரை. அந்த அரைப் பாகத்தைச் சுவர் ஓரமாக வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். நடுவில் வந்தால் தையல் கோடு கண்ணை உறுத்தும்.

இனி உயரம். ஜன்னலுக்குக் கீழே கட்டிலோ மேசையோ இல்லையென்றால் தரைவரை விடுவதே அழகு. அறையும் உயரமாகத் தெரியும். ஜன்னலின் மேல்மட்டம் 6 அடி 10 அங்குலமாக இருந்தால், ராடைத் தரையிலிருந்து 7½ அடியில், அதாவது 90 அங்குலத்தில் வையுங்கள். ஐலெட் ஸ்கிரீனில், அதாவது ராடு நுழைய மேல் ஓரத்தில் வளையம் பதித்ததில், துணி ராடுக்கு மேலே ஒன்றரை அங்குலம் நிற்கும், தரையில் அரை அங்குலம் விட வேண்டும். தைத்து முடித்த நீளம் 91 அங்குலம். மேல்மடிப்புக்கு 4, அடிமடிப்புக்கு 8 (4 அங்குலமாக இரண்டு மடிப்பு), பருத்தி சுருங்குவதற்கு 4 சேர்த்தால் 107 அங்குலம்; ஒரு பாகத்துக்கு 2.75 மீட்டர் வாங்கலாம். மூன்றுக்கு 8.25 மீட்டர். பூ, கட்டம் ஏதாவது டிசைன் இருந்தால் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு டிசைன் நீளம் கூடுதலாக வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துப் பாகத்தோடு பூ சேராது.

அடிமடிப்பை ரெண்டு அங்குலத்தில் முடித்துவிடும் டெய்லர்கள் உண்டு. ஒத்துக்கொள்ளாதீர்கள். கனமான அடிமடிப்பு இருந்தால்தான் துணி நேராக விழும். பின்னால் சுருங்கினால் பிரித்து இறக்கவும் வழி இருக்கும். ஐலெட் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையில் இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு ஓரமும் சுவர் பக்கம் திரும்பி நிற்கும். 48 அங்குலத்துக்கு 8, ஒன்றரைப் பாகத்துக்கு 12 சரியாக வரும்.

தைப்பதற்கு முன்னால் துணியை ஒரு ராத்திரி சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கொடுக்க வேண்டும். முதல் சலவையில் ஸ்கிரீன் தரையிலிருந்து மூணு நாலு அங்குலம் ஏறிப்போவதற்குக் காரணம் இதைச் செய்யாததுதான். ஊறவைக்கும்போது உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்ற நம்பிக்கை பல வீடுகளில் உண்டு. திருப்பூரில் சாயத்தொட்டியில் உப்புப் போடுவது சாயம் நூலில் ஏறுவதற்காக. நெய்து முடிந்த துணியில் ஒழுகும் சாயத்தை அந்த உப்பு பிடித்து நிறுத்தாது. ஈர வெள்ளைத் துணியை ஒரு மூலையில் வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம்.

வாங்கும் இடம் பற்றி. கரூரில் ஏற்றுமதிக்கு நெய்து மிச்சமான ஸ்கிரீன் துணி, மேசைவிரிப்பு நல்ல தரத்தில் கிடைக்கும். ஈரோட்டில் வாரச்சந்தை திங்கள் சாயங்காலம் தொடங்கி செவ்வாய் வரை. இந்த மாதிரி மிச்சத் துணியில் கவனிக்க வேண்டியது லாட், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதி. ஒரே நிறம் என்று சொல்வார்கள், ஆனால் லாட்டுக்கு லாட் ஷேடு மாறும். கடைக்குள் டியூப்லைட்டில் தெரியாது, ஜன்னலில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும்போது தெரியும். வேண்டிய மொத்தத் துணியையும், அரை மீட்டர் கூடுதலாக, ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். கரூர்க் கடைகளில் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்) கேட்டால் சொல்வார்கள்: ஸ்கிரீனுக்கு 180 முதல் 250, சோபாவுக்கு 300-க்கு மேல். முழுப் பருத்தியா என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து தூளாகும். பாலியஸ்டர் சுருண்டு கறுப்பாகக் கெட்டிமணி கட்டும்.

மேற்குப் பக்க ஜன்னலுக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி, ஆவணியில் வரும் காற்றை உடுமலை, பல்லடம், காங்கேயம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மெல்லிய ஸ்கிரீன் அந்தக் காற்றில் கொடி மாதிரி பறந்து, மேசைமேல் இருப்பதைத் தட்டிவிடும். ஜன்னலைத் திறந்துவைக்கும் வீட்டில் ரோலர் பிளைண்டும் தகட்டு பிளைண்டும் ராத்திரி முழுக்க சட்டத்தில் மோதிச் சத்தம் போடும். ஆறு மாதத்தில் ஓரம் கிழியும். கனத்த பருத்தி ஸ்கிரீனின் அடிமடிப்புக்குள் வெயிட் செயின் விட்டுத் தைப்பதுதான் நிற்கும் வழி. சுவரில் 3 அடி உயரத்தில் ஒரு கொக்கியும் கட்டுநாடாவும் வைத்தால் பகலில் கட்டிவிடலாம்.

வெயிலுக்கு உள்பக்கம் லைனிங் வேண்டும். பல்லடம், சோமனூர் தறிகளில் ஓடும், வெளுக்காத, சாயம் போடாத காடா துணியைவிட மலிவான, நல்ல லைனிங் வேறு இல்லை. வெளிர்நிறம் என்பதால் சூட்டைத் திருப்பும், முன்துணியின் சாயம் வெளுக்காமல் காக்கும். காடாவில் கஞ்சி நிறைய இருக்கும், சுருக்கமும் அதிகம். இரண்டு தடவை அலசிய பிறகே வெட்ட வேண்டும். லைனிங்கை அடியில் முன்துணியோடு சேர்த்துத் தைத்துவிட்டால், இரண்டும் வேறுவேறாகச் சுருங்கி ஸ்கிரீன் முறுக்கிக்கொள்ளும். மேலே மட்டும் இணைத்து, கீழே தனியாக, ஒரு அங்குலம் குட்டையாக விடுங்கள். இதற்கும் மேலே ஒரு வழி இருக்கிறது: ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட சூட்டை ஸ்கிரீன் பாதிதான் தடுக்கும், வெளித்தட்டி வருவதற்கு முன்பே நிறுத்தும்.

ராடு பிடுங்கிக்கொண்டு விழுவது பெரும்பாலும் பூச்சில் மட்டும் துளைபோட்டதால். ஜன்னலுக்கு மேலே இருக்கும் லிண்டல் கான்கிரீட்டில் சாதாரண டிரில் இறங்காது. ஆள் அரை அங்குலம் துளைத்துவிட்டுப் பிளக்கை அடித்துவிட்டுப் போய்விடுவார். ஹேமர் டிரில் கொண்டுவரச் சொல்லுங்கள், துளை 2 அங்குலம் ஆழம் போக வேண்டும். ஹாலோ பிளாக் சுவராக இருந்தால் பிளக் உள்ளே சுற்றும். அங்கே ஒரு ரீப்பர் கட்டையை நாலைந்து இடத்தில் பிடித்து முடுக்கிவிட்டு, பிராக்கெட்டைக் கட்டைமேல் அடிக்கலாம். சுவர் நிறத்திலேயே பெயின்ட் அடித்தால் தெரியாது. 6 அடிக்கு மேல் நீளமான ராடுக்கு நடுவில் ஒரு பிராக்கெட் கட்டாயம். ஐலெட் வளையம் அந்தப் பிராக்கெட்டைத் தாண்டாது, அதனால் இரண்டு ஸ்கிரீனும் சேரும் இடத்தில்தான் அது வர வேண்டும்.

ஹாலுக்குப் பவானி ஜமக்காளம். 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றது; முன்பு கல்யாணப் பந்திக்கும் ஆசாரத்துக்கும் (வீட்டு முன்கூடம்) விரித்தது, இன்று பாதி வீடுகளில் லாஃப்டில் சுருட்டிக் கிடக்கிறது. அதை இறக்குங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று பட்டை பட்டையாக அடர்நிறம் வருவதால் அறையில் உரக்கப் பேசும் பொருள் அது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். சுவர் வெளிர்நிறம், சோபா ஒற்றை நிறம், அந்த நிறத்தையும் ஜமக்காளத்தின் ஏதாவது ஒரு பட்டையிலிருந்தே எடுங்கள். ஸ்கிரீனில் பூவும் குஷனில் கட்டமும் சேர்ந்தால் சந்தைக்கடை ஆகிவிடும்.

அளவில் செய்யும் தப்பு, சின்னதாக வாங்கி டீபாய்க்கு அடியில் மட்டும் போடுவது. மூன்று பேர் சோபா ஏறத்தாழ 6½ அடி இருக்கும். ஜமக்காளம் இருபுறமும் அரை அடி தள்ளி, 7½ அடி நீளமாவது வர வேண்டும். சோபாவின் முன்கால் இரண்டும் அதன்மேல் நிற்க வேண்டும். அப்படி நின்றால் விரிப்பு நகராது, சோபாவும் டீபாயும் ஒரே கூட்டமாகத் தெரியும். பட்டைகள் அகலவாக்கில் ஓடும் விரிப்பைக் குறுகிய ஹாலில் போட்டால் ஹால் அகலமாகத் தோன்றும். திருப்பிப் போட்டால் நீளும்.

டைல்ஸ் தரையில் ஜமக்காளம் வழுக்கும், வயசானவர்கள் இருக்கும் வீட்டில் இது விளையாட்டில்லை. அடியில் ரப்பர் வலை போடுங்கள், நாலு பக்கமும் ஒரு அங்குலம் உள்ளடங்கி வெட்ட வேண்டும். பழைய வீட்டின் ரெட் ஆக்சைடு தரைக்கு ரப்பர் வேண்டாம், ஒட்டிக் கறை விடக்கூடும்; தடித்த கேன்வாஸ் போதும். வாஷிங் மெஷினில் போடக் கூடாது. வெயிலில் தட்டி, கறையை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாம். எடுத்துவைக்கும்போது மடிக்காமல் சுருட்டுங்கள், மடித்த கோட்டில்தான் நூல் முதலில் அறும். சின்ன ஜமக்காளம் ஒன்று உபரியாக இருந்தால் பின்னால் 2 அங்குலத்துக்கு ஒரு உறை தைத்து, ராடு விட்டு டிவிக்கு எதிர்ச்சுவரில் தொங்கவிடுங்கள். டைல்ஸும் வெறுஞ்சுவருமாக இருக்கும் ஹாலில் பேச்சு கணகணவென்று எதிரொலிப்பது காதுக்கே தெரியும்படி குறையும்.

படுக்கையறைக்குச் சென்னிமலை பெட்சீட். கடையில் டபுள் என்றால் ஒரே அளவு என்று நினைத்துவிடுகிறோம். மெத்தை அகலத்தோடு தடிமனை இரண்டு முறையும், உள்ளே சொருக இரண்டு பக்கமும் 6 அங்குலமும் கூட்டுங்கள். 60 அங்குல அகலம், 8 அங்குலத் தடிமன் என்றால் 60, 16, 12 சேர்ந்து 88. 90 அங்குல அகலச் சீட் சரியாகப் போதும். 72 அங்குல மெத்தைக்கு அதே கணக்கு 100. 90 அங்குலச் சீட்டைப் போட்டால் காலையில் நடுவில் சுருண்டு கிடக்கும். 108-க்கு 108 கேளுங்கள். ஸ்கிரீன் கட்டமாக இருந்தால் பெட்சீட் ஒற்றை நிறத்தில் இருக்கட்டும்.

லைன் வீட்டுக்கு வருவோம். 10-க்கு 10 ஒரே அறை, வாடகை வீடு, ஒரே ஃபேன். துணி அதிகம் வேலை செய்யும் இடம் இதுதான். படுக்கும் இடத்தைப் பிரிக்க நடுவில் ஸ்கிரீன் கட்டினால் அறை இரண்டாகச் செத்துவிடும். ஒரு சுவரிலிருந்து 4 அடியில் கட்டினால் பாயோ ஒற்றைக் கட்டிலோ உள்ளே அடங்கி, இந்தப் பக்கம் 6 அடி மிஞ்சும். உயரம் 6½ அடிக்கு மேல் போக வேண்டாம். அதற்கு மேலே திறந்திருந்தால்தான் ஃபேன் காற்று அந்தப் பக்கமும் போகும், துணியும் இறக்கையைத் தொடாது. கம்பி கட்டினால் ஒரு மாதத்தில் நடுவில் தொய்ந்துவிடும். ஒரு அங்குல ஜிஐ பைப்பை இரண்டு பக்கச் சுவரிலும் மரக் கப்பில் உட்காரவைத்தால் நிற்கும்; காலி செய்யும்போது நிரப்ப வேண்டியது நாலு துளை மட்டுமே. தகரக் கூரையில் கொக்கி போட்டுத் தொங்கவிடுவதானால், கூரையைத் தாங்கும் பைப்பில் மாட்டுங்கள், ஷீட்டில் மாட்டாதீர்கள்.

சமையல் மேடைக்கு அடியில் கதவுக்குப் பதில் ஸ்கிரீன் போடுவது செலவில்லாத வழி, நன்றாகவும் இருக்கும். பாலியஸ்டர் மட்டும் வேண்டாம், நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். சிலிண்டர் இருக்கும் பகுதியில் துணியைத் தரையிலிருந்து அரை அடி தூக்கியே தையுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும், வெளியேறச் சந்து வேண்டும். அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலிலும், விளக்கு எரியும் பூஜை அலமாரிக்கு முன்னாலும் துணியே வேண்டாம். அங்கே மர ஜாலி போடலாம்.

ஸ்கிரீன் துவைப்பதை ஆடிக்கு முன்னால் வைக்காதீர்கள், துவைத்த வாரமே புழுதி ஏறிவிடும். காற்று அடங்கி, புரட்டாசியில், தீபாவளிக்கு முன் ஒரு தடவை துவைத்தால் போதும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் துணி விறைத்து மங்கிப்போவது சோப்பு சரியாக அலசப்படாததால். கடைசி அலசலை மட்டுமாவது சிறுவாணியோ காவிரியோ வரும் குழாய்த் தண்ணீரில் செய்யுங்கள். ஈரம் முழுக்கக் காய்வதற்கு முன்பே ராடில் மாட்டிவிட்டால், தன் கனத்திலேயே சுருக்கம் நீங்கி விழும்.