கிலோவுக்கு எவ்வளவு எண்ணெய், மாஸ்டர்?

ஓட்டல் சாப்பாட்டில் அரிசியும் மாவும் கணக்குக்குள் வந்துவிடும். எண்ணெய்தான் வராது. டயட் இருந்துகொண்டே வெளியில் சாப்பிடுகிறவர்கள் இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

எனக்கு வங்கியில் ஆய்வுப் பிரிவு. மாதத்தில் பாதி நாள் விருதுநகர், திண்டுக்கல், தேனி என்று ஏதாவது ஒரு கிளையில் பழைய வவுச்சர்களைப் புரட்டிக்கொண்டிருப்பேன். தங்குவது லாட்ஜில், மூன்று வேளையும் சாப்பிடுவது ஓட்டலில். ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்த பிறகு ஒரு டயட்டீஷியனைப் பார்த்தேன். நாளைக்கு 1500 கலோரி என்று எழுதி, அதற்குக் கீழே 'வெளிச்சாப்பாடு கூடாது' என்று அடிக்கோடும் போட்டுக் கொடுத்தார். முதல் வரியை எடுத்துக்கொண்டேன். இரண்டாவது வரிக்கு என் உத்தியோகம் இடம் கொடுக்கவில்லை.

எல்லாரும் சொல்வதுபோல் நானும் போனில் ஒரு ஆப் போட்டுப் பார்த்தேன். மசாலா தோசை என்று தேடினால் 180 என்கிறது ஒரு வரி, 450 என்கிறது இன்னொரு வரி. யாரோ எங்கேயோ சாப்பிட்ட தோசையை அவரவர் இஷ்டத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். வவுச்சர் இல்லாத பதிவை நம்பிக் கையெழுத்துப் போடுகிற ஆள் நான் இல்லை. அதனால் சமைத்த பண்டத்தை விட்டுவிட்டு, அது எதில் செய்யப்படுகிறதோ அங்கிருந்து தொடங்கினேன். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணை ஒன்று இருக்கிறது. நம் ஊர் அரிசி, பருப்பு, கீரை, மீன் எல்லாம் அதில் உண்டு. ஒரே தொல்லை, சக்தியைக் கிலோஜூலில் போட்டிருப்பார்கள், கலோரியாக்க 4.184 ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும்.

அதிலிருந்து நான் மனப்பாடம் செய்தது கொஞ்சம்தான். அரிசியோ மைதாவோ 100 கிராம் என்றால் சுமார் 350 கலோரி. அதே அரிசி வெந்து சோறானால் தண்ணீர் குடித்து எடை ஏறிவிடும், அப்போது 100 கிராமுக்கு 130தான். எண்ணெய், எந்த எண்ணெயாக இருந்தாலும், 100 கிராமுக்கு 900. நெய்யும் கிட்டத்தட்ட அதேதான். செக்கு எண்ணெய் என்றாலும் கலோரி குறையாது. இதைச் சொன்னால் எங்கள் வீட்டிலேயே சண்டைக்கு வருகிறார்கள்.

பெரிய கடைகளில் இந்தத் தலைவலி குறைவு. பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கிளை வைத்திருக்கும் உணவகங்கள் மெனுவிலேயே கலோரி போட வேண்டும் என்று 2022 ஜூலை முதல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) விதி இருக்கிறது. மால்களில் உட்கார்ந்து பர்கர் சாப்பிடுகிறவர்களுக்கு நல்லதுதான். நான் சாப்பிடும் கடைகளுக்குக் கிளை கிடையாது, பின்வாசல்தான் உண்டு. அந்தப் பின்வாசலில்தான் என் கணக்கு நேரானது.

திண்டுக்கல்லில் நாங்கள் வழக்கமாகப் போகும் ஒரு சின்ன பிரியாணிக் கடை. மதியக் கூட்டம் கலைந்த பிறகு, கைகழுவும் இடத்துக்குப் பின்னால் மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "மாஸ்டர், கிலோவுக்கு எண்ணெய் எவ்வளவு விடுவீங்க?" என்று கேட்டேன். அவர் எழுந்தே விட்டார். "மேடம் ஃபுட் சேஃப்டியா?" இல்லை, பேங்க், உடம்பு இளைக்கத்தான் கேட்கிறேன் என்றதும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். "இளைக்கணும்னா இங்க எதுக்கு மேடம் வர்றீங்க?" நியாயமான கேள்விதான்.

ஆனால் பதில் சொன்னார். சமையல்காரர்களுக்குக் கப் கணக்கு, ஸ்பூன் கணக்கெல்லாம் கிடையாது. எல்லாம் ஒரு கிலோ அரிசிக்கு இவ்வளவு என்றுதான் தலைக்குள் இருக்கும். கிலோ சீரகச் சம்பாவுக்குக் கறி ஒரு கிலோ, எண்ணெய் 200 கிராம், நெய் 50 கிராம், வெங்காயம் அரைக் கிலோ, தயிர் ஒரு கப். எட்டு பிளேட் வரும். அவ்வளவுதான், எனக்கு வேண்டியது எல்லாம் வந்துவிட்டது. அரிசி 3500. எண்ணெயும் நெய்யும் சேர்ந்து 2250. எலும்பு கழித்துக் கறிக்கு 1400 வைத்தேன், வெங்காயம் தயிருக்கு 250. மொத்தம் 7400. எட்டால் வகுத்தால் பிளேட்டுக்கு 925. நான் அதுவரை கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக 600 என்று எழுதிவந்த பிளேட் அது.

எழுந்து வரும்போது மாஸ்டர் இன்னொன்றும் சொன்னார். "முதல் தட்டும் கடைசித் தட்டும் ஒண்ணா இருக்காது மேடம். தம் உடைச்ச உடனே மேலாக எடுத்தா பொலபொலன்னு இருக்கும். தேக்சா அடியில போகப் போக எண்ணெய் இறங்கி நிக்கும்." அன்றிலிருந்து பன்னிரண்டரைக்கே போய்விடுகிறேன். அரை பிளேட் வாங்கி, கூட இரண்டு அவித்த முட்டையும் வெங்காயப் பச்சடியும். அறுநூறு சொச்சத்தில் மதியம் முடிந்துவிடும், பசியும் அடங்கும்.

பரோட்டாவுக்கும் இதே வழிதான். ஒரு கிலோ மைதாவில் பதினாறு பரோட்டா அடிக்கிறார்கள் என்றால் ஒன்றுக்கு 62 கிராம் மாவு, அது சுமார் 220. எண்ணெய்க்கு ஒரு பரோட்டாவைப் பிடித்துக்கொண்டு கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. உருண்டையை ஊறப்போடுகிற எண்ணெய், வீசும்போது பலகையில் தடவுகிற எண்ணெய், கல்லில் சுற்றி விடுகிற எண்ணெய் என்று மூன்று இடத்தில் போகிறது. ஆனால் ஐந்து கிலோ மாவுக்கு எத்தனை பாக்கெட் வெட்டுவீர்கள் என்று கேட்டால் டக்கென்று வரும், ஒன்று. ஒரு லிட்டர் பாக்கெட்டில் எண்ணெய் 910 கிராம், எண்பது பரோட்டாவுக்குப் பங்கு போட்டால் தலைக்கு 11 கிராம், அதாவது 100 கலோரி. ஆக ஒரு பரோட்டா 320. விருதுநகர்ப் பக்கத்து எண்ணெய்ப் பரோட்டா இந்தக் கணக்கில் சேராது. அது எண்ணெயிலேயே பொரிவது, ஒன்றுக்கு 400 வைத்துக்கொள்கிறேன். அதுவும் குறைவாக இருக்கலாம்.

அப்புறம் சால்னா. இதில் மாஸ்டரிடம் கேட்டும் பயன் இல்லை. அண்டாவில் மேலே மிதப்பது ஒரு கரண்டி, அடியில் இருப்பது ஒரு கரண்டி, எது நம் தட்டுக்கு வரும் என்று அவருக்கே தெரியாது. அதனால் ஒரு சனிக்கிழமை ஊர் திரும்பும்போது இரண்டு பரோட்டா பார்சலோடு கொடுத்த சால்னாவைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பாக்கெட்டில் சரியாக 200 கிராம் இருந்தது. எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் பார்த்தால் மேலே ஆரஞ்சு நிறத்தில் ஆடைபோல் உறைந்து நின்றது. பாமாயில் என்பதால் உறைந்திருக்கிறது. சூரியகாந்தி எண்ணெய் என்றால் இப்படி நிற்காது, கரண்டியால் மொண்டுதான் எடுக்க வேண்டும். ஸ்பூனால் ஓரத்தில் நெம்பியதும் வட்டமாகக் கழன்று வந்தது. தராசில் வைத்தேன், 22 கிராம். அதாவது 200 கலோரி, கிட்டத்தட்ட ஒரு பரோட்டாவின் மாவுக்குச் சமம். தேங்காயும் கசகசாவும் அரைத்துக் கலந்ததில் உள்ள கொழுப்பு இப்படிப் பிரிந்து வராது, அது தனி.

மாமியார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அதக் கீழ ஊத்திராத, தாளிக்க ஆகும்" என்றார். ஊற்றவில்லை, ஆனால் தாளிக்கவும் விடவில்லை.

பார்சல் வாங்குவது பழக்கமாகிவிட்டது. கண் அளவை நம்ப முடியாத பண்டத்தை ஒரு முறை பார்சல் வாங்கி, இலையும் காகிதமும் கழித்து எடை போட்டுவிட்டால், அந்தக் கடைக்கு அது நிலையான எண். பெரும்பாலான கடைகளில் கரண்டி மாறாது, ஊற்றுகிற கை மாறினாலும் பெரிதாக வித்தியாசம் இல்லை. காலை டிஃபனுக்கு இது நன்றாக உதவியது. இட்லி எல்லாருக்கும் தெரியும், எண்ணலாம், ஆவியில் வெந்தது, ஓட்டல் இட்லி ஒன்றுக்கு 70 என்று வைத்தால் போதும். பொடிக்கு எண்ணெய் கேட்டால்தான் சிக்கல். ஒரு குழிக் கரண்டி 15 மில்லி நல்லெண்ணெய் 120 ஆகிவிடும், கிட்டத்தட்ட இரண்டு இட்லி. வெண்பொங்கல் பார்க்கப் பரம சாதுவாக இருக்கும். காய்ச்சலுக்குக் கொடுக்கிற கஞ்சிக்குச் சொந்தம்போல் வெள்ளையாக, குழைந்து. எண்ணெய் கண்ணில் படாது. அதுதான் அதன் சாமர்த்தியம். நெய்யோ டால்டாவோ உள்ளே முழுக்க இழுத்துவைத்திருக்கும். விரலில் ஒட்டுவதைத் தேய்த்துப் பாருங்கள், தெரியும். ஒரு பிளேட் 400க்குக் குறைத்து நான் எழுதுவதில்லை. கூட வரும் வடை 150. தேங்காய்ச் சட்னியை மூன்றாம் முறை ஊற்ற வருகிறவரிடம் போதும் அண்ணே என்று சொல்லப் பழகிக்கொண்டேன். சாம்பாருக்கு அந்தத் தடை இல்லை.

மதியம் பிரியாணி இல்லாத நாளில் அளவுச் சாப்பாடு. அன்லிமிடெட் பக்கம் போவதில்லை. அங்கே இலையில் சோறு மலையாக விழுந்து, நடுவில் குழி பறித்து, குழம்பு ஊற்றி, ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் என்று போனால் எந்த ஆடிட்டராலும் பிடிக்க முடியாது. அளவுச் சாப்பாட்டில் சோறு ஒரு கிண்ணத்தில் கவிழ்த்து வரும். ஒரு முறை எடை போட்டேன், 420 கிராம், சுமார் 550. அதில் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பிடும் முன்பே எடுக்கச் சொல்லிவிடுவேன். தட்டில் விழுந்த பிறகு மிச்சம் வைப்பது என் கைக்கு வராது. அப்படி வளர்க்கவில்லை எங்களை.

இவ்வளவு செய்தும் மாதக் கடைசியில் எடை நோட்டோடு ஒத்துப்போகவில்லை. எழுதியது நாளைக்கு 1500. என் வயதுக்கும் உயரத்துக்கும் ஏறாமல் இறங்காமல் இருக்க 1900 வேண்டும் என்று கணக்கு. தினம் 400 குறைந்தால் மாதத்துக்கு 12,000, உடம்புக் கொழுப்புக் கிலோவுக்கு 7700 என்று வகுத்தால் ஒன்றரைக் கிலோ இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது 800 கிராம். அப்படியென்றால் உண்மையில் குறைந்தது தினம் 200தான். மீதி 200 எங்கேயோ நோட்டுக்கு வெளியே வாய்க்குள் போயிருக்கிறது. எங்கே என்று தேடுவதில் அர்த்தம் இல்லை. தாளிப்பு, தோசைக்கல், காபியில் கேட்காமலே விழுந்த சர்க்கரை.

எங்கள் தொழிலில் இதற்கு வழி உண்டு. இனம் தெரியாத தொகையை அனாமத்துக் கணக்கில் வைப்போம். நோட்டில் தினமும் முதல் வரியாக 'அனாமத்து 200' என்று எழுதிவிட்டு, மீதி 1300க்குள் சாப்பாட்டை அடக்கினேன். அடுத்த மாதம் எடையும் நோட்டும் நூறு இருநூறு கிராம் வித்தியாசத்தில் வந்து நின்றன. மதிப்பீடு தவறாக இருக்கலாம், பரவாயில்லை. தினமும் ஒரே பக்கமாக, ஒரே அளவில் தவறாக இருந்தால் திருத்திவிடலாம். ஒரு நாள் தாராளம், ஒரு நாள் கஞ்சம் என்று எழுதினால்தான் திருத்த வழியே இல்லை. இன்னொன்று, ஓட்டல் சாப்பாட்டுக்கு மறுநாள் காலை எடை பார்க்கக் கூடாது. உப்பு தண்ணீரைப் பிடித்துவைத்து ஒரு கிலோ கூடக் காட்டும், வீணாக மனது கெடும். வாரச் சராசரிதான் பேசும்.

கல்யாணப் பந்திக்கு மட்டும் இன்னும் எனக்கு முறை கிடைக்கவில்லை. யாரிடம் கேட்பது, கேட்டால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்? இலைக்கு 1200 என்று ஒரே எண்ணாகப் போட்டுவிட்டு ராத்திரி மோரோடு முடித்துக்கொள்கிறேன். ஆவணி பிறந்தால் பத்திரிகைகள் வரிசையாக வரும். அந்த மாதம் அனாமத்தை 300 ஆக்கிவிடுவதாக இருக்கிறேன்.