பாதி வீட்டில் மட்டும் கரண்ட்

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை, குளிக்கப் போனால் வெந்நீர் வரவில்லை. தென்னாப்பிரிக்காவில் ஜூலைதான் குளிர்காலம். எங்கள் டர்பன் குளிர் ஒன்றும் ஆளைக் கொல்லாது, ஆனாலும் ஜூலை ஜூலைதான். சமையலறைக்குப் போய் கெட்டிலைத் தட்டினேன்; அதுவும் செத்துக் கிடந்தது. ஹாலில் மட்டும் டி.வி. ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் குடியிருப்பது ரிசர்வாயர் ஹில்ஸில், ஒரு பழைய பெரிய வீட்டின் கீழ்த்தளம். மேலே வீட்டுக்கார ஆயா. அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. படியில் நின்றபடியே, "என்னா தம்பி, லோட் ஷெடிங்கா?" என்றார். லோட் ஷெடிங் (முறைவைத்து நிறுத்தும் மின்வெட்டு) என்றால் தெருவே இருண்டிருக்கும். பாதி வீட்டை விட்டுவைத்துப் பாதியை அணைக்காது.

அடுத்த சந்தேகம், யூனிட் தீர்ந்துவிட்டதோ என்று. இங்கே எங்கள் மீட்டர் ப்ரீபெய்ட். காசு கட்டினால் 20 இலக்க எண் ஒன்று வரும். அதைச் சமையலறைச் சுவரோரம் இருக்கும் கீபேடில் அடித்தால் யூனிட் ஏறும். பார்த்தால் கீபேட் திரையில் ஒன்றுமே இல்லை. பதறிப்போய் போனிலேயே 200 ராண்டுக்கு வாங்கிவிட்டேன். இருபது இலக்கம் கையில் இருக்கிறது, அடிக்க இடமில்லை. அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. யூனிட் தீர்ந்தால் மீட்டர் மொத்த வீட்டையும் அல்லவா துண்டிக்கும்? கீபேடைப் பிடுங்கி ஹால் ப்ளக்கில் செருகினேன். உயிர் வந்தது. 143 யூனிட் மிச்சம்.

டி.பி. போர்டை, அதாவது பிரேக்கர்கள் இருக்கும் பெட்டியைத் திறந்து, பெரிய மெயின் சுவிட்சில் மூன்று நெம்புகோல்கள் ஒரே கம்பியால் கோர்த்திருப்பதைப் பார்த்தபோதுதான் உறைத்தது: இது மும்முனை, அதாவது கரண்ட் மூன்று தனித்தனிக் கம்பிகளில், மூன்று ஃபேஸாக வரும் இணைப்பு. ஊரில் அப்பாவின் பம்ப்செட்டுக்கு ஒரு ஃபேஸ் போய், மிச்ச இரண்டில் மோட்டார் உறுமிக்கொண்டே நின்று உள்ளே கம்பிச்சுருள் கருகிய வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. மும்முனை என்றாலே எனக்கு வயல்தான். வீட்டுக்குள் அது எப்படி நடந்துகொள்ளும் என்று யோசித்ததே இல்லை.

ஆயாவுக்குத் தெரிந்த ஸ்பார்க்கி ஒருவர் வந்தார். எலக்ட்ரீஷியனை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நம் ஊரில் ஆர்.ஒய்.பி. என்பதை இவர்கள் ரெட், ஒயிட், ப்ளூ என்கிறார்கள். மல்டிமீட்டரை வைத்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ரெட்டுக்கும் நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பிப் போகும் பொதுக் கம்பி) 231 வோல்ட். ப்ளூவுக்கும் நியூட்ரலுக்கும் 229. ரெட்டுக்கும் ப்ளூவுக்கும் நடுவே 398. ஒயிட்டுக்கும் நியூட்ரலுக்கும் 3. வீட்டுக்குள் வரும் கேபிள் முனையிலேயே அந்த 3தான்.

அதாவது எங்கள் வீடு ஒரு வீடல்ல. ஒரே நியூட்ரலைப் பங்கு போட்டுக்கொண்ட மூன்று சின்ன வீடுகள். கீசர், கீழ்ச் சமையலறை, கீபேட் எல்லாம் ஒயிட்டில். ஹால், படுக்கையறை ரெட்டில். ஆயாவின் மாடி முழுக்க ப்ளூவில்.

ஊரில் என்றால் சேஞ்ச் ஓவரைத் திருப்பி உயிருள்ள ஃபேஸுக்கு மாற்றிவிட்டு வேலையைப் பார்ப்போம். நான் அதைக் கேட்டதும் ஸ்பார்க்கி என்னை ஏற இறங்கப் பார்த்தார். மெயின் ஒரு ஃபேஸுக்கு 40 ஆம்ப், அதாவது 9.2 கிலோவாட். கீசர் மட்டும் 3 கிலோவாட், 13 ஆம்ப். இரண்டு ஹீட்டர், ஒரு ஓவன், ஒரு கெட்டில் என்று எல்லாவற்றையும் ஒரே ஃபேஸில் ஏற்றினால் 50 ஆம்பைத் தொடும். ஒன்று தாங்காவிட்டாலும் அந்தக் கோர்த்த நெம்புகோல் மூன்றையும் சேர்த்தே இறக்கிவிடும். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: ஃபேஸ் போனால் சங்கடம், நியூட்ரல் போனால் ஆபத்து. சில பல்புகள் கண்ணைக் கூசும்படி எரிந்து சில மங்கினால், யோசிக்காமல் மெயினை இறக்கிவிட வேண்டும். நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் சாமான் தலையில் 300க்கு மேலும் ஏறலாம்.

கோளாறு வெளியே என்று தெரிந்துவிட்டது. அதைப் புகார் எண்ணில் புரியவைப்பதுதான் பெரும்பாடு. "பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கிறதா?" என்றார்கள். இருக்கிறது என்றேன். அப்படியானால் உங்கள் வீட்டுக் கோளாறு என்று புகாரை மூடிவிட்டார்கள். இரண்டாவது தடவையும் அதே கதை.

கடுப்பில் தெருவில் இறங்கி நடந்தேன். ஒருமுனை இணைப்புள்ள வீடுகளைத் தெருவில் மூன்று ஃபேஸுக்கும் பிரித்துத்தான் கொடுத்திருப்பார்கள். பக்கத்து வீடு ரெட்டில் இருந்தால் அவர்களுக்கு ஏன் போகப்போகிறது? ஒவ்வொரு கேட்டாகக் கேட்டதில், எங்களிடமிருந்து மூன்றாவது வீட்டிலும் ஆறாவது வீட்டிலும் சுத்தமாகக் கரண்ட் இல்லை. அவர்களும் தத்தம் வீட்டுக் கோளாறு என்று நினைத்து ஆளுக்கொரு எலக்ட்ரீஷியனைத் தேடிக்கொண்டிருந்தார்கள்! மூன்று வீட்டுப் புகாரையும் சேர்த்து, "ஒரு ஃபேஸ் போயிருக்கிறது, கேபிள் முனையில் வோல்ட் இல்லை" என்று மூன்றாவது தடவை சொன்னேன். சாயங்காலம் வண்டி வந்தது. தெருமுனைப் பெட்டியில் ஒரு ஃபியூஸ், பத்து நிமிஷ வேலை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் "மூணு ஃபேஸ்னா மூணு மடங்கு பில்லு" என்று என் மனைவி சொல்ல, ஒரு ராத்திரி சோதித்தே பார்த்தோம். ஆயாவிடம் சொல்லிவிட்டு எல்லா பிரேக்கரையும் இறக்கினோம். 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்றை ரெட்டிலும் இன்னொன்றை ஒயிட்டிலும் அரை மணி நேரம் ஓடவிட்டால் 2 யூனிட் குறைந்தது. இரண்டையும் ரெட்டிலேயே வேறு வேறு சர்க்யூட்டில் ஓட்டினோம். அப்போதும் 2 யூனிட்தான். மீட்டர் மூன்று ஃபேஸையும் கூட்டுகிறது, பெருக்குவதில்லை.

சோலார் போட நினைப்பவர்கள் மட்டும் கொஞ்சம் நின்று விசாரிக்கவும். சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் ரெட்டில் மட்டும் இருந்தால், ரெட்டில் மிஞ்சித் தெருவுக்கு வெளியே தள்ளுவதை ஒயிட்டில் இழுப்பதோடு கழித்துக்கொள்ளும் மீட்டர் உண்டு, கழிக்காததும் உண்டு. சில ப்ரீபெய்ட் மீட்டர்கள் வெளியே போவதையும் செலவாகவே எண்ணிவிடும்.

எது எந்த ஃபேஸில் என்று ஒரு தாளில் வரைந்து டி.பி. கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். தமிழில் எழுதினால் ஆயாவுக்குப் படிக்க வராதே என்று படமாகவே போட்டோம். வண்ணம் தீட்டியது ஆயா. சிவப்பு, நீலம் சரி; வெள்ளைத் தாளில் வெள்ளைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். கீசரையும் கெட்டிலையும் அப்படியே வெறுமையாக விட்டுவிட்டு, "எரியலன்னா இதுதான்" என்றார்.