பாரியோ (சரவாக் மலை ஊர்), ஜனவரி

ஜனவரி 6

அண்ணன் மெசேஜ்: அம்மா வெயிட்டு 53.8

ஜனவரி 7

ராத்திரி குளிர் தாங்கல, ரெண்டு சாக்ஸ் போட்டும் கால் ஜில்லுன்னே இருந்துச்சி. ஆயிரம் மீட்டர் உயரத்துல இருக்கோம்ங்கறது பகல்ல மறந்து போயிடுது, விடியகாலைல மேகம் ஜன்னல் வரைக்கும் வந்து நிக்கறப்பதான் ஞாபகம் வருது. அம்மாவுக்கு போன் போட்டேன், அண்ணன்தான் எடுத்தான், தூங்கறாங்கன்னான். காலைல பத்து மணிக்கா?

ஜனவரி 8

தெப்போ கூட பா உமோர் கிராமத்துக்கு போயிட்டு வந்தேன். (பக்கத்து வீட்டுப் பாட்டிதான், இங்க எல்லாரும் தெப்போன்னு கூப்பிடறாங்க, நானும் பழகிட்டேன்.) உப்புக் கெணறு அங்கதான் இருக்கு. கெணறுன்னா நம்ம வீட்டுக் கெணறு மாதிரி இல்ல, காட்டுக்குள்ள சேத்துக்கு நடுவுல ஒரு குழி, உப்புத்தண்ணி ஊறிக்கிட்டே இருக்கு. கடல் எங்கயோ கெடக்கு, இங்க மலை மேல உப்பு. அந்தத் தண்ணிய பெரிய தகரத் தொட்டில ஊத்தி ராவும் பகலும் எரிக்கறாங்க, வத்த வத்த மேல ஊத்தறாங்க, கடைசில சாம்பல் கலர்ல ஈரமா அடியில சேருது. அத மூங்கில்ல அடைச்சி நெருப்புல போட்டா மூங்கில் கருகி உப்பு மட்டும் கட்டையா நிக்குது, அப்புறம் இலைல சுத்தி கட்டிடறாங்க. கண்ணெல்லாம் புகை, சட்டை இன்னும் நாறுது.

ஒரு கட்ட எடுத்து என் கையில வச்சி "அம்மாவுக்கு கொண்டு போ"ன்னாங்க. உள்ளங்கைல சூடு தெரிஞ்சிது. டயாலிசிஸ்ல இருக்கற அம்மா உப்ப தொடவே கூடாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. உப்பு தின்னா தாகம் எடுக்கும், தண்ணி குடிப்பாங்க, வெயிட்டு ஏறிடும். ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான், மாத்திரைக்கு குடிக்கறதும் அதுலயே அடக்கம். ஐஸ் கட்டிய வாயில அடக்கிக்கிட்டு சீரியல் பாக்கற அம்மா மொகம்தான் திரும்பி வர்ற வழி பூரா.

ஜனவரி 9

54.6. ட்ரை வெயிட், அதாவது சேந்த தண்ணியெல்லாம் எடுத்தப்புறம் இருக்க வேண்டிய எடை, 51. மூணரை கிலோவுக்கு மேல தண்ணி, அந்த சின்ன ஒடம்புல. அண்ணன் எதையோ மறைக்கறான்.

ஜனவரி 10

நான் பாடம் எடுக்கற கிளாஸ்ல ஒரு பையனோட ஃபார்ம்ல அம்மா பேரு ஒண்ணு இருக்கு, ஊர்ல கூப்பிடறது வேற. மொதக் கொழந்த பொறந்தா இங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் பேர மாத்திக்கறாங்க, பேரப்புள்ள வந்தா தாத்தா பாட்டியும் மாத்திக்கறாங்க, ஊரையே கூப்பிட்டு விருந்து போட்டு சொல்லணும். இராவ்னு அதுக்கு பேரு. வர்ற மாசமோ என்னவோ ஒண்ணு இருக்காம், எனக்கும் அழைப்பு வந்துச்சி.

எங்க அம்மா பேர சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல. டயாலிசிஸ் சென்டர்ல நர்ஸ் சத்தமா கூப்பிட்டப்ப யாரையோ கூப்பிடறாங்கன்னு நெனச்சி நான் போனையே பாத்துக்கிட்டு இருந்தேன், அம்மாதான் தோளத் தட்டி "என்னத்தான் பாப்பா"ன்னாங்க.

ஜனவரி 11

அட்மிட் பண்ணிட்டாங்க. நுரையீரல்ல தண்ணி. படுத்தா மூச்சு முட்டுதாம், உக்காந்துக்கிட்டே தூங்கறாங்களாம். "பதறாத பாப்பா, ஆனா வந்தா நல்லாருக்கும்"னான் அண்ணன். அவன் வாயில அது வந்தா ஒடனே கெளம்பி வான்னு அர்த்தம்.

ஜனவரி 12

லீவு கெடச்சிடுச்சி. மிரி டவுனுக்கு ஃப்ளைட்ல அம்பது நிமிஷம், அங்கேர்ந்து கோலாலம்பூர் ரெண்டேகால் மணி நேரம், அப்புறம் ஈப்போவுக்கு ரயில். விடிஞ்சா கெளம்பி ராத்திரிக்குள்ள அம்மா பக்கத்துல உக்காந்துடலாம். எல்லாம் அந்த மொத அம்பது நிமிஷத்துலதான் நிக்குது. ஃப்ளைட் இல்ல. மேகம்.

ஜனவரி 13

டிக்கெட் இருந்துச்சி. பேக்கையும் தராசுல வச்சி என்னையும் ஏத்தி நிக்க வச்சாங்க, பத்தொம்பது சீட்டு ட்வின் ஆட்டர் விமானம், ஒவ்வொருத்தர் வெயிட்டும் எழுதணும். 61. பேக் 9. தராசுல ஏறினதும் அம்மா ஞாபகம், அவங்களும் வாரத்துக்கு மூணு தடவ இப்படித்தான் ஏறி நின்னு முள்ளப் பாக்கறாங்க.

பதினோரு மணிக்கு சத்தம் கேட்டுச்சி. எல்லாரும் எந்திரிச்சி வெளிய ஓடினோம். ஒண்ணும் தெரியல, வெள்ளையா இருக்கு, சத்தம் மட்டும் தலைக்கு மேல ஒரு சுத்து சுத்திச்சி, இன்னொரு சுத்து, மூணாவது சுத்துல கொஞ்சம் கிட்ட வந்த மாதிரி இருந்துச்சி, நான் பேக்க தூக்கி தோள்ல மாட்டிட்டேன். அப்புறம் சத்தம் சன்னமாகி மிரி பக்கமே போயிடுச்சி. ஒருத்தரும் பேசல. கோழி கொண்டு வந்திருந்த அம்மா ஒருத்தங்க கூடையத் தூக்கிக்கிட்டு அப்படியே வீட்டுக்கு நடந்துட்டாங்க.

கூட உக்காந்திருந்த தாத்தா சொன்னாரு, 1945 மார்ச்சுலயும் இதே மாதிரி மேகத்துக்கு மேல விமானம் சுத்துச்சாம், ஜப்பான்காரன் காலம், பத்து லாவி மலையோட ரெட்ட முனைய அடையாளம் வச்சி வந்து வெள்ளக்கார ஆபீசர் டாம் ஹாரிசன் ஆளுங்க பாராசூட்ல இந்த வயல்லதான் குதிச்சாங்களாம், அவரோட அப்பா பாத்தாராம். வந்தது ரெண்டு விமானம், ஒண்ணு திரும்பிப் போயே சேரல. அத அவரு ஏன் இன்னைக்கி சொன்னாரு. ராத்திரி பூரா அதுவே ஓடுது.

ஜனவரி 14

மழை. லாரி ரோட்டுல போலாமான்னு ஃபோர்வீல் ஓட்டறவர கேட்டேன். நல்லா காஞ்சி கெடந்தாலே மிரிக்கு பன்னெண்டு மணி நேரம் ஆகும், இப்ப மண்ணு சரிஞ்சி கெடக்கு, நடுக்காட்டுல மாட்டிக்கிட்டா ரெண்டு நாளுன்னாரு. அவரு மேல தப்பில்ல. நான்தான் அழுதுட்டேன்.

ஜனவரி 15

பொங்கல். வைக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன். அம்மாதான் போன்ல, மூச்சு வாங்கிக்கிட்டு, "புது அரிசி அறுக்கற ஊர்ல இருந்துக்கிட்டு பொங்கல் வைக்காம இருப்பியா"ன்னாங்க. அவ்ளோதான் பேசினாங்க.

இங்க வருஷத்துக்கு ஒரே போகம், ஆறு மாசத்துப் பயிரு, இப்பதான் அறுவடை. தெப்போ அவங்க வயல்ல அறுத்த புது அரிசி ரெண்டு கைப்பிடி குடுத்தாங்க, சின்னச் சின்ன அரிசி, வேகறப்பவே வாசம் வந்துச்சி. பாலுக்கு பால் பவுடர், வெல்லத்துக்கு குலா அப்போங், நீப்பா பனை வெல்லம். கெழக்கு எதுன்னு பாத்து அடுப்பு வச்சேன், கெழக்குல கலிமந்தான் மலை, அதுக்குப் பின்னாடிதான் சூரியன், தெரியல. பொங்கி வழிஞ்சப்ப தெப்போ பதறி வெறக வெளிய இழுத்துட்டாங்க, அரிசி வீணாகுதேன்னு. வழியணும் தெப்போ, அதுதான் சாமிக்குன்னு மலாய்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு வெறக அவங்களே திரும்ப உள்ள தள்ளினாங்க.

52.9ன்னு அண்ணன் போட்டான். எறங்குது.

ஜனவரி 16

தெப்போ வயல்ல அறுக்கற பையன் கிராயான்காரன், எல்லைக்கு அந்தப் பக்கம், இந்தோனேசியா. நாளைக்கி ஊருக்குப் போறானாம், அம்மாவுக்கு காய்ச்சலாம். எப்படிப் போவன்னு கேட்டேன், நடந்துதான்னான். தெப்போவுக்கும் அந்தப் பக்கம் சொந்தம் இருக்கு, கோடு கிழிச்சது வெள்ளக்காரனும் டச்சுக்காரனும்தானே. 1963ல இந்தோனேசியாவோட சண்ட வந்தப்ப எல்லையோரத்துலேர்ந்து தெப்போ வீட்டையும் கெளப்பி இங்க குடிவச்சிட்டாங்களாம், முதுகுல வெதநெல்லு சுமந்து வந்தாங்களாம். அவன் இன்னொரு நாட்டுக்கு நடந்தே அம்மாகிட்ட போயிடுவான். எனக்கு ஒரே நாட்டுக்குள்ள போக வழியில்ல.

அவனுக்கு பனடோல் ரெண்டு அட்டை குடுத்தேன்.

ஜனவரி 17

மேகம். 53.5.

உப்புக் கட்ட பேக்லேர்ந்து எடுத்து வெளிய வச்சேன். திரும்ப உள்ள வச்சேன். தொட்டா பாக்கட்டும், மோந்தாவது பாக்கட்டும், புகை வாசம் அவங்களுக்கு பிடிக்கும், சின்ன வயசுல எஸ்டேட்ல வெறகடுப்புதானே. ஆனா ஆஸ்பத்திரி வார்டுல கையில உப்ப குடுத்தா அண்ணி என்ன சொல்வாங்க. தெப்போகிட்ட இன்னும் சொல்லல.

ஜனவரி 18

நெட்டு இல்ல. நம்பர் வரல.

ஜனவரி 19

காலைல 7.40. மலை முழுசா தெரியுது, அடிவாரம் வரைக்கும். ஓடி வந்து சேந்துட்டேன். 60. பேக் 9. அண்ணன் போன் எடுக்கல.